ஒரு மணி பத்து நிமிஷம்

திருச்சியைச் சுற்றியுள்ள ஊர்களில் சிங்கப்பூர் எவ்வளவு தூரம் என்று கேட்டால் யாரும் கிலோமீட்டரில் பதில் சொல்ல மாட்டார்கள். “நாலு மணி நேரம்” என்பார்கள். மலேசியா என்றால், “அதைவிடப் பத்துப் பதினஞ்சு நிமிஷம் கம்மி.” மண்ணச்சநல்லூர் டீக்கடையில் நிற்பவருக்குக்கூட இந்தக் கணக்கு தெரியும். விமான நிலையத்துக்கு விமான நிலையம் அளந்தால் திருச்சியிலிருந்து சிங்கப்பூர் சுமார் 2,980 கிலோமீட்டர், கோலாலம்பூர் சுமார் 2,690 கிலோமீட்டர். சென்னைக்கு பஸ்ஸில் போக ஆறு, ஏழு மணி நேரம் ஆகிவிடுகிறது. அதனால், “மெட்ராஸைவிட சிங்கப்பூர் கிட்டக்க” என்பது இந்தப் பக்கத்தில் பழைய ஜோக்.

இந்தப் பயணத்தில் கடிகாரமும் கொஞ்சம் விளையாடும். இங்கே இரவு 12 மணிக்குக் கிளம்பினால் அங்கே இறங்கும்போது காலை ஆறரை. பறந்தது நாலு மணி நேரம்தான். நடுவில் இரண்டரை மணி நேரம் காணாமல் போயிருக்கும். திரும்பும்போது அது அப்படியே கைக்கு வந்துவிடும். அங்கே ராத்திரி எட்டு மணிக்கு ஏறுகிறவர் இங்கே ஒன்பதரைக்கு இறங்கி, “ஒன்றரை மணி நேரத்துல வந்துட்டேன் பாத்தியா” என்று வீட்டில் பெருமையடிப்பார்.

திருவெள்ளறையில், பெருமாள் கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில், ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரின் வீட்டுக் கூடத்தில் இரண்டு சுவர்க் கடிகாரங்கள் மாட்டியிருக்கின்றன. ஊரே அவரை டீச்சரம்மா என்றுதான் கூப்பிடும். நடுநிலைப் பள்ளியில் சமூக அறிவியல் எடுத்தவர். வயது 74. ஒரு கடிகாரம் இந்த ஊர் நேரம் காட்டும். இன்னொன்று இரண்டரை மணி நேரம் முந்தி ஓடும். மகன் சிங்கப்பூரில், மகள் மலேசியாவில் கிள்ளானில். இரண்டு பிள்ளைகளுக்கும் அந்த ஒரு கடிகாரமே போதும்.

அது ஏன் ஒரே நேரம் என்று கேட்டால் டீச்சரம்மா வகுப்பே எடுத்துவிடுவார். 1982 ஜனவரி 1-ம் தேதி வரை தீபகற்ப மலேசியாவின் நேரம் இப்போதைவிட அரை மணி பின்தங்கி இருந்தது. சபா, சரவாக்கோடு ஒரே நேரமாக இருக்கட்டும் என்று மலேசியா கடிகாரத்தை அரை மணி முன்னால் தள்ளியது. அன்றைக்கே சிங்கப்பூரும் தள்ளிக்கொண்டது. தனித்தனி நாடாகிப் பதினேழு வருஷம் ஆகப்போகிறது, ஆனாலும் பக்கத்து வீட்டில் எழுந்திருக்கிற நேரத்துக்கே இங்கேயும் எழுந்திருப்போம் என்று முடிவெடுத்தார்கள்.

அந்த இரண்டு நாடுகளின் விமான நிறுவனங்களின் கதை அவருக்கு இன்னும் பிடிக்கும். 1947 மே மாதம் சிங்கப்பூரிலிருந்து கோலாலம்பூர், ஈப்போ, பினாங்கு என்று ஒரு குட்டி விமானத்தில் பயணிகளை ஏற்றிக்கொண்டு கிளம்பியது மலாயன் ஏர்வேஸ். 1965 ஆகஸ்ட் 9-ல் சிங்கப்பூர் தனி நாடான பிறகும் விமானக் கம்பெனி மட்டும் கூட்டுக் குடும்பமாகவே ஓடியது. 1972-ல்தான் அதுவும் பிரிந்து, ஒன்று சிங்கப்பூர் ஏர்லைன்ஸ், இன்னொன்று மலேசிய விமான நிறுவனம் என்று ஆனது. “பாகப்பிரிவினை ஆனதுக்கப்புறம்தான் போக்குவரத்து ஜாஸ்தியாச்சு” என்பார் டீச்சரம்மா. தவறில்லை. உலகத்திலேயே அதிக நெரிசலான சர்வதேச விமானத் தடங்களில் ஒன்று கோலாலம்பூர் - சிங்கப்பூர். 2018-ல் அந்தத் தடத்தில் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட விமானங்கள் பறந்தன. ஓஏஜி என்ற விமானத் தகவல் நிறுவனத்தின் 2023-ம் ஆண்டுப் பட்டியலில், சுமார் 49 லட்சம் இருக்கைகளோடு அதுதான் உலகில் முதலிடம்.

அந்த 49 லட்சத்தில் ஒன்றில்கூட அவருடைய மகனோ மகளோ உட்காரவில்லை.

மகனும் மகளும் பேசிக்கொள்வதில்லை. 2019 ஆவணியிலிருந்து.

அந்த மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, இரவு ஒரு மணிக்கு, டீச்சரம்மாவின் கணவர் தூக்கத்திலேயே போய்விட்டார். அங்கே அப்போது மூன்றரை. இரண்டு பிள்ளைகளும் ஒரே நேரத்தில் எழுப்பப்பட்டார்கள். மகனுக்குக் காலையில் திருச்சிக்கே விமானம் கிடைத்தது. பதினோரு மணிக்கெல்லாம் இறங்கி, பன்னிரண்டரைக்கு வீட்டில் இருந்தார். மகளுக்கு அன்று கோலாலம்பூரிலிருந்து திருச்சி வரும் விமானத்தில் இடமே இல்லை. ஏஜென்ட் சென்னைக்கு ஒரு டிக்கெட் பிடித்துக் கொடுத்தார். அதுவும் கிட்டத்தட்ட நாலு மணி நேரப் பயணம்தான். ஆனால் சென்னையில் இறங்கி, இமிக்ரேஷன் வரிசையில் நின்று, கார் பிடித்து வெளியே வரும்போது மணி மூன்று ஆகப்போகிறது. அங்கிருந்து திருவெள்ளறைக்கு முந்நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர்.

இங்கே பெரியவர்கள் ஒரே பிடியாக நின்றார்கள். மறுநாள் சனிக்கிழமை. “சனிப் பொணம் தனிப் போகாது” என்ற பயம் இன்னும் எல்லா ஊரிலும் இருக்கிறது. வெள்ளிக்கிழமையே, பொழுது சாய்வதற்குள் எடுத்துவிட வேண்டும். மாலை ஐந்தே முக்காலுக்கு எடுத்தார்கள். மகள் அப்போது உளுந்தூர்பேட்டையைத் தாண்டிக்கொண்டிருந்தார். எட்டு மணிக்கு வந்து இறங்கியபோது வாசலைக் கழுவிவிட்டிருந்தார்கள். பந்தல்காரப் பையன் ஒருவன் பிளாஸ்டிக் நாற்காலிகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தான். அவன்தான் முதலில் பார்த்தவன். எதுவும் சொல்லாமல் ஒரு நாற்காலியை எடுத்து அவர் பக்கத்தில் போட்டுவிட்டு நகர்ந்துவிட்டான்.

“ரெண்டு மணி நேரம். ரெண்டே ரெண்டு மணி நேரம் அப்பாவ வச்சிருக்க முடியலையா?” என்று மகள் கேட்டார்.

“பெரியவங்க கேக்கலம்மா. நான் என்ன பண்ணட்டும்?” என்றார் அண்ணன்.

அவ்வளவுதான் பேச்சு. கருமாதி வரைக்கும் ஒரே வீட்டில் இருந்தார்கள், ஒரே பந்தியில் சாப்பிட்டார்கள். பிறகு ஒருவர் சிங்கப்பூருக்கும் ஒருவர் கிள்ளானுக்கும் போனார்கள்.

டீச்சரம்மா யார் பக்கமும் பேசவில்லை. ஆனால் அவருக்கு அடிக்கடி ஞாபகம் வந்தது தன் அப்பாயி இறந்த நாள். 1963-ல் என்று நினைவு; அவருக்கு அப்போது பதின்மூன்று வயது. அப்பாயியின் இரண்டு மகன்கள் அக்கரையில் இருந்தார்கள். பெரியப்பா சிங்கப்பூர் துறைமுகத்தில், சித்தப்பா கிள்ளான் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில். தந்தி கொடுத்தார்கள். யாரும் யாருக்காகவும் காத்திருக்கவில்லை. காத்திருக்கிற பேச்சுக்கே இடமில்லை.

அந்தக் காலத்து வழி கப்பல்தான். 1926-ல் கட்டப்பட்ட ‘ரஜூலா’ என்ற கப்பலின் பெயரைச் சொன்னால் டெல்டா மாவட்டங்களிலும் ராமநாதபுரம் பக்கத்திலும் வயதானவர்கள் இன்றும் நிமிர்ந்து உட்காருவார்கள். சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் ஸ்வெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்று அது போய்வந்தது. இன்றைய போர்ட் கிள்ளானுக்குத்தான் அன்று போர்ட் ஸ்வெட்டன்ஹாம் என்று பெயர். ஒரு வாரம் முன்னே பின்னே ஆகும். பெரும்பாலானவர்களுக்கு கேபின் கிடையாது, மேல்தளத்தில் பாயை விரித்துப் படுக்க வேண்டியதுதான். 1973 வரை அது ஓடியது. பிறகு ‘சிதம்பரம்’ என்ற கப்பல் ஓடியது. 1985 பிப்ரவரியில் அதில் தீப்பிடித்துப் பல உயிர்கள் போனதோடு அந்தக் கப்பல் வழியும் நின்றுபோயிற்று.

அப்பாயி செத்து மூன்றாவது மாதம் பெரியப்பா ரஜூலாவில் வந்து நாகப்பட்டினத்தில் இறங்கினார். வீட்டுக்கு வந்து, அப்பாயி படுத்திருந்த திண்ணையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். சித்தப்பா அதற்கும் அடுத்த வருஷம்தான் வந்தார். “ஏன் எனக்காக வச்சிருக்கல?” என்று இரண்டு பேரும் கேட்கவில்லை. கேட்கத் தோன்றியிருக்காது. ஒரு வாரத் தூரமாக இருந்தபோது யார்மேலும் கோபம் வரவில்லை. நாலு மணி நேரம் என்று ஆன பிறகுதான் இரண்டு மணி நேரம் தாமதமாக வந்ததற்கு ஒரு குடும்பம் இரண்டாக நிற்கிறது. இது டீச்சரம்மா தனக்குள் போட்டுப் பார்த்த கணக்கு. பிள்ளைகளிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இரண்டு பேருக்குமே பிடித்திருக்காது.

அடுத்த வருஷமே கோவிட் வந்தது. 2020 மார்ச் 18-ல் மலேசியா எல்லையை மூடியது. ஜொகூருக்கும் சிங்கப்பூருக்கும் நடுவே இருக்கும் ஒரு கிலோமீட்டர் பாலத்தில், தினமும் லட்சக்கணக்கானவர்கள் வேலைக்குப் போய்வந்த பாலத்தில், ஆள் நடமாட்டம் இல்லை. ஒரே இரவில் கணவன் ஒரு கரையிலும் மனைவி ஒரு கரையிலும் மாட்டிக்கொண்ட குடும்பங்கள் எத்தனையோ. 2021 நவம்பர் கடைசியில் தடுப்பூசி போட்டவர்களுக்கு மட்டும் வழி திறந்தார்கள். 2022 ஏப்ரல் 1-ல்தான் பாலம் பழையபடி முழுசாகத் திறந்தது. அன்றைக்கு நள்ளிரவில் பைக்கில் ஹாரன் அடித்துக்கொண்டு போனவர்களை டீச்சரம்மா டி.வி.யில் பார்த்தார். அவர் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாலம் மூடியிருந்த இரண்டு வருஷமும் சௌகரியமான வருஷங்கள். போகாததற்கு ஒரு காரணம் இருந்தது.

அதற்குப் பிறகு விசா. இரண்டு பேருமே இந்திய பாஸ்போர்ட்டை விடவில்லை. மகன் சிங்கப்பூரில் நிரந்தரவாசி, மகள் மலேசியரைக் கல்யாணம் செய்துகொண்டு அங்கே குடியிருப்பவர். அண்ணன் தங்கையைப் பார்க்க மலேசிய விசா வேண்டும், தங்கை அண்ணனைப் பார்க்க சிங்கப்பூர் விசா வேண்டும். “ஒரு மணி நேரப் பயணத்துக்கு யாரும்மா இத்தனை பேப்பர் ரெடி பண்றது?” என்பார் மகன்.

“ஒரு மணி நேரம்னா எவ்வளவு தூரம்பா?”

“முந்நூறு கிலோமீட்டர் இருக்கும்மா.”

அன்று மத்தியானம் டீச்சரம்மா பரணிலிருந்து பழைய பள்ளி அட்லஸை இறக்கினார். வகுப்பில் செய்ததுபோலவே ஒரு தையல் நூலை எடுத்து, ஆசியா வரைபடத்தில் கோலாலம்பூர் புள்ளியிலிருந்து சிங்கப்பூர் புள்ளி வரை வைத்துப் பிடித்தார். அதே நூலை எடுத்துத் திருச்சியில் வைத்தார். மறுமுனை சென்னையில் போய் நின்றது. நூலில் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாம். ஆனால் விமான நிலையங்களின் இருப்பிடத்தை வைத்துக் கணக்கிட்டாலும் இரண்டும் முந்நூறு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவுதான். இரண்டுக்கும் இடையே இரண்டு மூன்று கிலோமீட்டர்கூட வித்தியாசம் வராது. காலையில் பல்லவனில் ஏறிச் சென்னையில் ஒரு கல்யாணத்துக்குத் தலையைக் காட்டிவிட்டு, ராத்திரி ராக்ஃபோர்ட்டில் திரும்பி, மறுநாள் பள்ளிக்கூடம் போனவர் அவர். பிள்ளைகள் இருவரும் அவ்வளவு பக்கத்தில் இருக்கிறார்கள் என்பது அவருக்கு அந்த நூலை வைக்கும்வரை உறைக்கவில்லை. நாலு மணி நேரம் தள்ளியிருந்து பார்க்கிறவருக்கு இரண்டு ஊருமே ‘அங்கே’தான்.

மகளிடம் போனில் இதைச் சொன்னபோது அவர் சிரித்தார். “நம்ம ஊரு மாமியார் மருமக கொளம் மாதிரிம்மா. ஒரே தண்ணிதான். அவங்க அந்தப் படித்துறை, நான் இந்தப் படித்துறை.”

திருவெள்ளறைக்காரர்களுக்கு இதற்கு விளக்கம் தேவையில்லை. மற்றவர்களுக்காக: கோயிலுக்கு அருகில் ஸ்வஸ்திக வடிவத்தில் ஒரு பெரிய கிணறு இருக்கிறது. பல்லவ மன்னன் தந்திவர்மன் காலத்தில், சுமார் 1,200 வருஷத்துக்கு முன்பு, கம்பன் அரையன் என்பவர் வெட்டுவித்தது. மாற்பிடுகு பெருங்கிணறு என்று கல்வெட்டு சொல்கிறது. நான்கு பக்கமும் படிகள், ஒவ்வொன்றும் ஒரு மடக்கு திரும்பித்தான் தண்ணீருக்கு இறங்கும். ஒரு துறையில் குளிப்பவரை இன்னொரு துறையில் இருப்பவர் பார்க்க முடியாது. அதனால்தான் மாமியார் மருமகள் குளம் என்று கிண்டலாகப் பெயர் வந்தது. டீச்சரம்மா ஒவ்வொரு வருஷமும் பிள்ளைகளை வரிசையாக அழைத்துப்போய்க் காட்டிய இடம் அது. மகள் சொன்னதைக் கேட்டு அவர் சிரிக்கவில்லை.

2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்கள் முப்பது நாள் வரை விசா இல்லாமல் மலேசியா வரலாம் என்று அந்த நாட்டு அரசு அறிவித்தது. மகனிடமிருந்த காரணங்களில் ஒன்று போயிற்று. அவர் அதைப் பற்றிப் பேசவே இல்லை. டீச்சரம்மாதான் பாஸ்போர்ட் எடுத்தார். இதுவரை எத்தனையோ தடவை பிள்ளைகள் கூப்பிட்டும், “ரெண்டு பேர்ல யார் வீட்டுக்கு மொதல்ல வர்றது?” என்று தட்டிக்கழித்தவர், விசா வேண்டாத வீட்டுக்கு முதலில் போவது என்று முடிவுசெய்தார். இதில் யாரும் வருத்தப்பட முடியாது, சட்டம் அப்படி.

2024 மாசியில், உத்தராயண வாசல் வழியாகப் போய்ப் புண்டரீகாட்சனைச் சேவித்துவிட்டு, அவர் முதல் விமானத்தில் ஏறினார். கிள்ளானில் மூன்று வாரம். பேரப்பிள்ளைகள், லிட்டில் இந்தியாவில் புடவைக் கடைகள், மழை. மூன்றாவது வாரம் மகனுக்கு போன் போட்டார்.

“சிங்கப்பூருக்கும் வர்றேன் தம்பி. விசாவுக்கு நீதான் ஏதோ எழுதிக் குடுக்கணுமாமே.”

“எழுதறேன்மா. ஏர்போர்ட்ல வீல்சேர் சொல்லிடறேன், அவங்களே கூட்டிட்டு வந்துடுவாங்க.”

“எனக்குத் தனியா வர பயமா இருக்கு. பாப்பாவும் வரும். அதுக்கும் சேத்து எழுது.”

முப்பத்தைந்து வருஷம் வகுப்பில் உலகப் படத்தைத் தொங்கவிட்டுப் பாடம் எடுத்தவருக்கு முந்நூறு கிலோமீட்டர் பயம் என்பதை மகன் நம்பியிருக்க மாட்டார். மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, “பாஸ்போர்ட் காப்பி அனுப்பச் சொல்லுங்க” என்றார். சிங்கப்பூர் விசாவுக்கு உள்ளூர்க்காரர் ஒருவர் அறிமுகம் செய்து விண்ணப்பிக்க வேண்டும். அதில் வருகிறவர் உங்களுக்கு என்ன உறவு என்று ஒரு கட்டம் இருக்கிறது. மகன் இரண்டு விண்ணப்பம் நிரப்பினார். ஒன்றில் தாய். இன்னொன்றில் தங்கை.

ஒரு மணி பத்து நிமிஷம் என்று டிக்கெட்டில் போட்டிருந்தது. டீச்சரம்மா கைக்கடிகாரத்தில் பார்த்துக்கொண்டே வந்தார். தரையை விட்டது 10.52. தொட்டது 11.36. நாற்பத்து நாலு நிமிஷம். மீதியெல்லாம் ஓடுபாதைக்கு ஊர்ந்து போவதும், இறங்கிய பிறகு வாசலுக்கு ஊர்ந்து வருவதும். விமானம் மேலே ஏறி நேராவதற்குள்ளேயே இறங்குவதற்குத் தயாராகிவிடுகிறது. தண்ணீர் பாட்டிலைத் திறந்து பாதி குடிப்பதற்குள் பெல்ட்டைப் போடச் சொல்லிவிட்டார்கள்.

ஆனால் அந்த நாற்பத்து நாலு நிமிஷத்துக்காக இருவரும் வீட்டை விட்டுக் கிளம்பியது காலை ஏழரைக்கு. கிள்ளானிலிருந்து விமான நிலையத்துக்கு ஒரு மணி நேரம், அங்கே இரண்டு மணி நேரக் காத்திருப்பு, சாங்கியில் இமிக்ரேஷன், அங்கிருந்து உட்லண்ட்ஸில் மகன் வீடு. வாசலில் செருப்பைக் கழற்றியபோது மணி ஒன்றரை. பஸ்ஸில் வந்திருந்தாலும் இரண்டு எல்லைச் சோதனையும் சேர்த்து ஏறக்குறைய இதே நேரம்தான் ஆகியிருக்கும். இதற்காகத்தான் தொண்ணூறு நிமிஷத்தில் போகும் அதிவேக ரயில் விடலாம் என்று இரண்டு அரசுகளும் 2016-ல் ஒப்பந்தம் போட்டன. 2021 புத்தாண்டு அன்று அந்தத் திட்டம் கைவிடப்பட்டதாக இரண்டு பேரும் சேர்ந்து அறிவித்தார்கள். சேர்ந்து அறிவித்தார்களே, அதுவரைக்கும் பரவாயில்லை.

சாங்கியில் மகன் வந்து நின்றார். அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். தங்கையைப் பார்த்து, “பெட்டியக் குடு” என்றார். நாலரை வருஷத்துக்குப் பிறகு பேசிய முதல் வார்த்தை அது. தங்கை குடுத்தார். வழியில் ஜுவல் கட்டடத்துக்குள்ளே நாற்பது மீட்டர் உயரத்திலிருந்து விழும் அருவியைக் காட்ட அழைத்துப்போனார். அங்கே தண்ணீர்ச் சத்தத்தில் யாரும் பேச வேண்டியிருக்கவில்லை. மூன்று பேருக்கும் அது வசதியாக இருந்தது.

மகளுக்கு அன்று சாயங்காலமே திரும்ப டிக்கெட் இருந்தது. அம்மாவை விட்டுவிட்டுக் கிளம்புவதாகத்தான் ஏற்பாடு. மருமகள் சாப்பாடு போட்டார். ரசம் ஊற்றும்போது மகன் தட்டைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

“அன்னைக்கு நீ உளுந்தூர்பேட்டைன்னு போன் பண்ணப்ப நான்தான எடுத்தேன். பெரியவங்க கேக்கலைன்னு உங்கிட்ட சொன்னேன்.”

யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

“நான் அவங்ககிட்ட கேக்கவே இல்ல. கேட்டிருந்தா பாதிப் பேரு சரின்னிருப்பாங்க. மத்தியானத்துலேந்து அந்த ஐஸ் பெட்டி கண்ணாடி வழியா அப்பாவப் பாத்துக்கிட்டே இருந்தேன். முடியல. எப்படா எடுப்பாங்கன்னு ஆயிடுச்சு எனக்கு.”

மகள் பதில் சொல்லவில்லை. பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. அது பரவாயில்லாத விஷயம் என்பதால் சொல்லாததே சரி. சாப்பிட்டு முடித்து, தட்டைக் கழுவி வைத்துவிட்டு, பால்கனியில் போய் வெகுநேரம் நின்றார். பிறகு உள்ளே வந்து அண்ணன் மகளுக்குத் தலை பின்னிவிட உட்கார்ந்தார். கடிகாரத்தை டீச்சரம்மா மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தச் சாயங்கால விமானம் அவர் மகள் இல்லாமலே போனது.

அதன் பிறகும் அண்ணனும் தங்கையும் தினம் போனில் பேசிக்கொள்கிறவர்களாக ஆகிவிடவில்லை. பிள்ளைகளின் மார்க், ரிங்கிட் விலை, அம்மாவின் மாத்திரை என்று அவ்வப்போது இரண்டு வரி வாட்ஸ்அப். ஆவணியில் அப்பாவின் திதி வந்தபோது, “நீ எந்த ஃப்ளைட்?” என்று அண்ணன்தான் முதலில் அனுப்பினார். இரண்டு பேரும் ஒரே நாள் ராத்திரி திருச்சியில் இறங்குவதுபோல டிக்கெட் போட்டார்கள். சிங்கப்பூர் விமானம் முதலில். கோலாலம்பூர் விமானம் இருபத்தைந்து நிமிஷம் கழித்து.

அந்த வருஷம் ஜூனில்தான் திருச்சியில் புது டெர்மினல் பயன்பாட்டுக்கு வந்திருந்தது. மகன் அதை முதல்முறையாகப் பார்க்கிறார். பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தபோது கோலாலம்பூர் விமானம் ஒன்றரை மணி நேரம் தாமதம் என்று பலகையில் போட்டிருந்தது. திருவெள்ளறையிலிருந்து வந்திருந்த கார் டிரைவர் ஊர்ப் பையன். தூக்கக் கலக்கத்தில் இருந்தான்.

“அண்ணே, உங்கள வீட்டுல விட்டுட்டு நான் திரும்பி வந்து அக்காவக் கூட்டிட்டு வந்துடறேன். முக்கால் மணி நேரம்தான். டீச்சரம்மா வேற முழிச்சிக்கிட்டு இருப்பாங்க.”

“வேண்டாம்பா.”

“ரெண்டு மணி நேரம் ஆயிடும்ணே, அவங்க வெளிய வர்றதுக்கு.”

மகன் பெட்டியைச் சுவரோரமாகச் சாய்த்து வைத்தார். வருகிறவர்கள் கண்ணில் படும்படி கதவுக்கு நேராக ஒரு இருக்கை பார்த்து உட்கார்ந்தார்.

“ஆகட்டும். நீ போய் டீ குடிச்சிட்டு வா.”